எழுதாமல் விட்ட முறிவு

காளிமுத்துவுக்கு அடி விழுந்தது, அவன் குனியவில்லை என்பதற்காக.

1936ஆம் வருஷம் ஆனி மாதம். கண்டிப் பக்கம், கடுகண்ணாவைக்கு மேலே இருந்த மொட்டப்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குப் புது வெள்ளைக்காரத் துரை வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. துரை குதிரையில் வரும்போது பாதையில் இருக்கிற ஆட்கள் ஓரத்து வடிகாலான கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, இடுப்பு வளையக் கும்பிட வேண்டும். பழைய துரை காலத்திலும் அதே வழக்கம்தான். ஆனால் அவர் பாதி நாள் திரும்பிப் பார்க்கவே மாட்டார். இவர் ஒவ்வொரு ஆளாகப் பார்த்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு மலையிலிருந்து இறங்கிய பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் வளைந்து நின்றார்கள். கடைசியில் நின்றவன் மட்டும் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றான்.

துரை குதிரையை நிறுத்தினார். கையிலிருந்த பிரம்பைக் காளிமுத்துவின் காலடியில் போட்டு, எடுத்துத் தா என்று கை காட்டினார். காளிமுத்து எடுக்கத்தான் பார்த்தான். இடுப்பு மடங்கவில்லை. முழங்கால் இரண்டையும் மடக்கி, முதுகு நிமிர்ந்தபடியே மெல்ல மெல்லக் கீழே இறங்கி, பக்கவாட்டில் கையைவிட்டுத் துழாவிப் பிரம்பை எடுத்தான். அதேபோல் மெல்ல மெல்ல எழுந்து, துரையின் முகத்துக்கு நேராக நீட்டினான். நோய் தெரியாதவர்களுக்கு அது கேலி பண்ணுவது மாதிரியே இருந்தது. பின்னால் வந்த கொழுந்துக்காரி ஒருத்தி களுக்கென்று சிரித்தும் விட்டாள்.

துரை பிரம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பெரிய கங்காணி கறுப்பையா காளிமுத்துவை முன்னால் வரச் சொன்னான். துரை பங்களாவுக்குப் போகிற படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரைக்கு முன்னாலயே நெஞ்ச நிமித்துறியாடா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையிலிருந்த கம்பால் முதுகில் போட்டான். கொழுந்து வரிசையில் கூடையோடு நின்ற நல்லம்மா, கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். காளிமுத்துவின் பெண்சாதி அவள். அவள் வந்து சேருவதற்குள் நாலு அடி விழுந்துவிட்டது. நாலாவது அடியில் ஏதோ மளுக்கென்று முறிகிற சத்தம் கேட்டது. கம்புதான் முறிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கம்பு முறியவில்லை. கறுப்பையா அதையே ஊன்றிக்கொண்டுதான் திரும்பி நடந்தான்.

அன்றைக்கே வேலைப் பதிவிலிருந்து காளிமுத்துவின் பேரை வெட்டிவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பறாவைக் காலி பண்ண வேண்டும் என்று, துரைக்குக் கீழே தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நல்லம்மாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அடியை மட்டும் நினைத்தல்ல. அதற்கு முந்திய மூன்று வருஷத்தையும் சேர்த்து நினைத்து.

காளிமுத்துவுக்கு இருபத்தாறு வயதில் தொடங்கியது அது. முதலில் இடுப்புக்குக் கீழே, இரண்டு பக்கமும் ஆழத்தில் ஒரு வலி. பிறகு விடியற்காலையில் பாயைவிட்டு எழும்ப முடியாமல் போயிற்று. நல்லம்மா கையைக் கொடுத்து, ஒருபக்கமாக உருட்டி, சுவரைப் பிடிக்கவைத்துத்தான் நிறுத்துவாள். தப்பு அடித்துப் பிரட்டுக்குக் கூப்பிடும்போது அவனால் காலை எடுத்து வைக்க முடியாது. ஆனால் மலைக்குப் போய்க் கத்தியைப் பிடித்து இரண்டு மணி நேரம் அசைந்தால் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பத்து மணிக்கு மேல் மற்றவர்களுக்குச் சமமாக வெட்டுவான். அதுதான் வினையாகப் போயிற்று.

"காலையில நொண்டுறான், பத்து மணிக்கு மேல பறக்குறான். இது என்னடா வியாதி?" என்பான் கறுப்பையா.

தோட்டத்து மருந்தையா அதையே கொஞ்சம் படித்த மாதிரிச் சொன்னார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், விளக்கெண்ணெய் கொடுத்தார், அடுத்த முறை கசப்புத் தண்ணீர் கொடுத்தார். நாலாவது முறை போனபோது முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஒனக்கு இருக்கிறது வேலைக் கள்ளம். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல," என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு காளிமுத்து போகவில்லை. மூன்று வயது மகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினால், அவளை ஒரு பெட்டிமேல் ஏறி நிற்கச் சொல்லித்தான் தூக்குவான்.

அடி விழுந்த ஐந்தாம் நாள் நல்லம்மா மருந்தையாவின் அறைக்குத் தனியே போனாள்.

"அடிபட்ட எடத்துல கையே வைக்க முடியல. மூச்சு இழுத்தா துடிக்கிறாரு. வந்து பாருங்க."

"நான் எழுதிக் குடுத்தாச்சு. அவனுக்கு ஒரு நோயும் இல்லைன்னு தொரை கேட்டாரு, எழுதிட்டேன்."

"எப்ப பாத்தீங்க, எழுதறதுக்கு?"

மருந்தையா போத்தல்களைத் துடைத்தார்.

"கண்ணால பாக்காம எழுதுற கையில புழு வைக்கும்!" என்று வாசலில் நின்று கத்தினாள். மருந்துக்கு வந்தவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தொங்கிய தலைகளைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

கண்டி டவுனில் ராஜலிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர், உடம்புக்குள் இருக்கிற எலும்பைப் படம் பிடிக்கிற மெஷின் வைத்திருக்கிறார் என்று லயத்துக்குத் துணி கொண்டுவருகிறவர் முன்பொருதரம் சொல்லியிருந்தார். நல்லம்மா மகளை அடுத்த காம்பறாவில் விட்டுவிட்டு, காளிமுத்துவைக் கூட்டிக்கொண்டு கடுகண்ணாவைக்கு இறங்கினாள். பஸ்ஸில் அவனால் உட்கார முடியவில்லை. பிலிமத்தலாவை, பேராதனை என்று வழி முழுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். ஒவ்வொரு குழியிலும் அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. படத்துக்கு என்ன கொடுத்தாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. திரும்பி வரும்போது காதில் தோடு இல்லை.

கண்டியில், திருகோணமலை வீதியில் இருந்தது டாக்டரின் இடம். மெஷின் அறையில் சாஹுல் ஹமீது என்ற மனிதர் வேலை பார்த்தார். நாற்பது வயதிருக்கும். கட்டுகஸ்தோட்டைக்காரர். அவர் காளிமுத்துவைக் குளிர்ந்த மேசையில் மல்லாந்து படுக்கச் சொன்னார்.

"இடுப்ப மடக்கிக் குந்துங்க, பொறகு சாயுங்க."

"மடங்காதுங்க."

"மடங்காதெண்டா?"

காளிமுத்து குந்திக் காட்ட முயன்றான். சாஹுல் ஹமீது அதைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தி, ஒரு கையைத் தோளுக்கும் மறு கையைத் தொடைக்கும் கொடுத்து அவனைப் பலகையைக் கிடத்துவது மாதிரி அப்படியே கிடத்தினார். "அல்லாஹ்வே, இவ்வளவு இறுகி ஈக்கிதே. இத வெச்சிட்டா மலையில வேல செய்றீங்க?" என்று கேட்டார். மூன்று வருஷத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தார். மூச்சை அடக்கச் சொன்னபோது காளிமுத்துவுக்கு அடக்குவதற்கும் பெரிதாக மூச்சு இருக்கவில்லை.

டாக்டர் ராஜலிங்கம் வந்து, வேலை போனதையும் காம்பறா போகப் போவதையும் நல்லம்மா சொல்லக் கேட்டுக்கொண்டே, அவன் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு நாடாவைக் கட்டி, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார். நாடா ஒரு நூலளவுதான் அசைந்தது. கழுத்தைத் திருப்பச் சொன்னார், அது திரும்பியது. முதுகில் அடி விழுந்த தடங்களைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

படம் கழுவிக் காய்ந்து வர மத்தியானம் ஆயிற்று. டாக்டர் இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தனக்குள் இங்கிலீசில் ஏதோ சொல்லிக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். நல்லம்மா பொறுத்துப் பார்த்தாள்.

"எங்களுக்கும் சொல்லுங்க ஐயா."

"உமக்குச் சொன்னால் விளங்காது பிள்ளை. மருந்து எழுதித் தாறன்."

"அவரு முதுகு ஐயா அது. எங்களுக்கு வெளங்காதுன்னா வேற யாருக்கு வெளங்கணும்?"

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் பேனையை வைத்துவிட்டு அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

"சரி, இஞ்ச வந்து பார். வெள்ளையாத் தெரியிறது எலும்பு. முதுகெலும்பு ஒரே எலும்பில்லை. சின்னச் சின்னக் கட்டையள் ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிக் கிடக்கு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில கறுப்பா ஒரு இடைவெளி தெரிய வேணும். அந்த இடைவெளியாலதான் மனுசன் குனியிறான், நிமிர்றான். இவரின்ர படத்தில கீழ்ப்பக்கம் பார். கட்டையின்ர ஓரத்தில வெள்ளையா முளைச்சு, அடுத்த கட்டையைப் போய்ப் பிடிச்சிருக்கு. வளரக் கூடாத இடத்தில எலும்பு வளர்ந்து பாலம் போட்டிட்டுது. எண்ணிப் பார். ஆறு கட்டை இப்ப ஒரே கட்டை. மூங்கில் கணு மாதிரி."

நல்லம்மா விரலை வைத்து எண்ணினாள். ஆறு.

"இடுப்பில ரெண்டு பக்கமும் பொருத்து ஒண்டு இருக்க வேணும். இதில காணேல்லை. மூடிப்போச்சு. அங்கதான் முதல் துவங்கியிருக்கு."

"இடுப்புக்குக் கீழதான், ரெண்டு பக்கமும்," என்றான் காளிமுத்து. அதுவரை அவன் வாயைத் திறக்கவில்லை. "மொத மொத வலிச்சது அங்கதான். காலையில மட்டும் ஏங்க ஐயா அப்படி? வேல செய்யச் செய்ய ஏன் எளகுது?"

"அதுதான் இந்த நோயின்ர குணம். கிடந்தால் இறுகும், அசைஞ்சால் இளகும். ஏன் வருதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இளம் ஆம்பிளையளுக்குத்தான் கூட வாறது. வேலை செய்து வாறதுமில்லை, வேலை செய்யாமல் வாறதுமில்லை."

காளிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து நல்லம்மா கிட்டே போனாள். அவன் அழவில்லை. "வேலைக் கள்ளன்," என்று பல்லுக்கிடையில் சொன்னான். "வேலைக் கள்ளன், வேலைக் கள்ளன்." எத்தனை பேர் சொன்னார்களோ அத்தனை தரமும் சொல்லி முடிக்கிறவன் மாதிரிச் சொன்னான்.

"இத மருந்து குடுத்துக் கரைக்க முடியுமா?" என்று நல்லம்மா கேட்டாள்.

"இல்லை. வளர்ந்த எலும்பை உருக்க ஏலாது. வெட்டவும் ஏலாது. அப்படிச் செய்யிறன் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதே. வலிக்கு மாத்திரை தரலாம். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். கழுத்து இன்னும் அசையுது. நெஞ்செலும்பு கொஞ்சம் அசையுது. அதை விடக்கூடாது. பலகையில படுக்க வேணும், தலைக்கு ஒண்டும் வைக்காமல். தலையணை வைச்சால் கழுத்து வளைஞ்சபடியே இறுகிப்போகும், பிறகு சாகுமட்டும் நிலத்தைத்தான் பார்க்க வேணும். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் குப்புறக் கிடக்க வேணும். காலையில சுடுதண்ணி ஊத்தி, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துப் பழக வேணும். நீந்தத் தெரியுமெண்டால் நல்லது. வலிக்குதெண்டு சும்மா கிடந்தானோ, துலைஞ்சான்."

நல்லம்மா ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தவள், விரலை நீட்டினாள். மேல்முதுகுப் பக்கம், பின்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு முள் எலும்பின் குறுக்கே மயிரிழை மாதிரிக் கறுப்புக் கோடு ஓடியது.

"இது என்ன கோடு?"

டாக்டர் படத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"அது முறிவு," என்றார் பிறகு. "முள்ளெலும்பு ஒண்டு முறிஞ்சிருக்கு."

"அடியிலயா?"

"பழைய முறிவெண்டால் ஓரம் மழுங்கியிருக்கும். இது கூரா இருக்கு. ஓம், புது முறிவு. இறுகின முதுகெலும்பு பலமெண்டு நினைக்காதே. உள்ளுக்குச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி, வளைஞ்சு குடுக்காது, நொறுங்கும். ரெண்டு விரல்கடை உள்ளுக்க முறிஞ்சிருந்தால் இவருக்குக் காலும் கையும் போயிருக்கும்." மேசைக்குத் திரும்பி, "ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது," என்று சொல்லிக் கடிதத்தை எழுதி முடித்து மடித்துக் கொடுத்தார். "தோட்டத்தில குடு. நோய் எண்டு எழுதியிருக்கிறன்."

வெளியே வந்ததும் நல்லம்மா கடிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். இங்கிலீசு. அவளுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. மெஷின் அறைக் கதவடியில் நின்ற சாஹுல் ஹமீதுவிடம், முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற முறையில் அழைத்து நீட்டினாள்.

"நானா, இத வாசிச்சுச் சொல்லுங்க."

அவர் உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டு மெல்ல வாசித்துத் தமிழில் சொன்னார். முதுகெலும்பு ஒட்டிப்போகிற நோய். குனிய முடியாது. இலேசான வேலை கொடுக்கலாம். கீழே கையெழுத்து.

"முறிவு?"

சாஹுல் ஹமீது திரும்பவும் வாசித்தார். "அதப் பத்தி ஒண்டும் இல்ல, தங்கச்சி."

நல்லம்மா அவர் கையிலிருந்து கடிதத்தைப் பறித்தாள். "வா நல்லம்மா, போதும்," என்று காளிமுத்து கூப்பிட்டது காதில் ஏறவில்லை. உள்ளே வேறொரு நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்த டாக்டரின் மேசையில் கடிதத்தை வைத்தாள்.

"முறிவ ஏன் எழுதல?"

"பிள்ளை, வெளியில போ."

"எங்கிட்ட முறிவுன்னு சொன்னீங்கல்ல? புது முறிவுன்னு சொன்னீங்கல்ல? கடுதாசில ஏன் இல்ல?"

டாக்டரின் முகம் சிவந்தது. "எனக்கு என்னத்துக்கு வம்பு? நோயைக் கேட்டாய், எழுதினன். அவனுக்கு இருக்க இடம் கிடைக்கும், வேலை கிடைக்கும். மிச்சத்தை எழுதினால் நாளைக்குக் கோட்டுக்கு வா எண்டு என்னைக் கூப்பிடுவாங்கள். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் எல்லாம் என்னட்டத்தான் வாறவை."

"அந்த மருந்தையா பாக்காம எழுதினாரு. நீங்க பாத்துட்டு எழுதாம விட்டீங்க. அவரு படிக்காதவரு, போகட்டும். நீங்க இவ்வளவு படிச்சது எதுக்கு? முறிஞ்ச எலும்ப வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு மூடி வைக்கவா?"

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். நாடியைக் கொடுத்திருந்த கிழவர்கூடக் கையை இழுத்துக்கொண்டார். டாக்டர் கதிரையைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் பேனையை அழுத்தி இரண்டு வரி எழுதினார்.

"இந்தா. போ."

நல்லம்மா போகவில்லை. "நானா, வாசிங்க. ஐயா கேக்க வாசிங்க."

சாஹுல் ஹமீது தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். முதுகின் முள்ளெலும்பில் ஒரு முறிவு உண்டு. பத்து நாளுக்கு உட்பட்டது. தடியால் நேராக அடித்ததால் ஏற்பட்டிருக்கும். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படங்கள் இரண்டையும் ஒரு தடித்த கடதாசி உறையில் போட்டு, யாரையும் கேட்காமல், சாஹுல் ஹமீது அவள் கையில் கொடுத்தார்.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது நல்லம்மா உறையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். காளிமுத்து சொன்னான்:

"லயத்துல பயலுக எல்லாம் என்னைய வீரன்னு பேசிக்கிறானுக. தொரைக்குக் குனியாதவனாம்."

"பேசட்டுமே."

"எனக்கு முடிஞ்சிருந்தா குனிஞ்சிருப்பேன் நல்லம்மா. அந்தப் பதினேழு பேரு மாதிரி மண்ணு வரைக்கும் குனிஞ்சிருப்பேன். அடிய விட அதுதான் எனக்கு ஆத்திரமா இருக்கு."

வாயைத் திறந்தால் நடுத்தெருவில் கத்திவிடுவோம் போலிருந்தது நல்லம்மாவுக்கு.

இரண்டு நாள் கழித்துத் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்குப் போனார்கள். துரை உள்ளே மேசையில் இருந்தார். கண்டாக்கையா நடுவில் நின்று பேச்சை இங்கிலீசிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். கறுப்பையா கதவருகில் நின்றான். நல்லம்மா படத்தை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். துரை பார்க்கவில்லை. கடிதத்தை மட்டும் வாசித்தார். மேல்பாதியை வாசிக்கும்போது அவர் முகம் இளகியது. கீழ்ப்பாதிக்கு வந்தபோது கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். கண்டாக்கையாவிடம் ஏதோ சொன்னார்.

"தொரைக்கு இப்பதான் வெளங்குது, ஒனக்கு நோய்னு. ஒன்னைய மன்னிச்சிட்டாராம்," என்றார் கண்டாக்கையா. "பேர திரும்பப் பதியச் சொல்றாரு. ஸ்டோர் வாசல்ல காவல் வேல. குனியத் தேவையில்ல. காம்பறாவும் ஒனக்குத்தான். ஒன்னே ஒன்னு. முதுகுல முறிஞ்சது கான்ல விழுந்ததாலன்னு ஒரு கடுதாசி எழுதியிருக்கு. அதுல பெருவெரல வச்சிட்டு, படத்தயும் குடுத்துட்டுப் போ."

மை டப்பாவைத் திறந்து வைத்தார்.

காளிமுத்து மை டப்பாவைப் பார்த்தான். நல்லம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். காவல் வேலை அவனால் முடியும். காம்பறா மகளுக்கு வேண்டும். அவனுடைய கை மேசைவரைக்கும் போனது. அந்தக் கையைப் பிடித்து இழுக்க அவளுக்கு வேகம் வந்தது. ஆனால் முதுகு வலிப்பது அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு படத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

விரல் மையில் படுவதற்கு முன் காளிமுத்து கேட்டான்: "மன்னிச்சிட்டாருன்னா, எதுக்கு?"

"எதுக்குன்னா? நீ குனியாததுக்குத்தான்."

"குனிய முடியாதவனுக்கு எதுக்குங்க மன்னிப்பு?" கண்டாக்கையா துரையைப் பார்த்தார். "நான் ஒரு தப்பும் பண்ணலியே. அடிச்சது அந்தா நிக்கிறாரு. அடிக்கச் சொல்லிப் படியில நின்னவரு இங்க இருக்காரு. மன்னிக்கிறதா இருந்தா நான்தான மன்னிக்கணும்? நான் மன்னிக்கல. அதயும் சொல்லுங்க தொரைக்கு."

"டேய்!" என்று கறுப்பையா ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"வா!" என்று நல்லம்மா படத்தை இறக்காமலே திரும்பினாள். "வந்து அடி! இன்னொரு படம் எடுத்துக்கிறேன்!"

கறுப்பையா நின்றுவிட்டான். கண்டாக்கையா எதையும் துரைக்கு மாற்றிச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. காளிமுத்து மேசையில் கவிழ்ந்து கிடந்த கடிதத்தை எடுத்து மடித்து மடியில் செருகிக்கொண்டு, கும்பிடாமல், முதுகைக் காட்டி வெளியே நடந்தான்.

காளிமுத்து போட்ட வழக்கு கண்டிக் கோட்டில் ஐந்து மாதம் நடந்தது. டாக்டர் ராஜலிங்கம் கூப்பிட்ட இரண்டு தவணைக்கும் வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார் என்றாலும் வந்தார். படத்தை நீதவான் முன்னால் தூக்கிப் பிடித்து, முறிவு இது, ஓரம் கூராக இருப்பது இதனால் என்று, எழுதியதைவிட ஒரு சொல் குறையாமல் சொன்னார். கறுப்பையாவுக்கு அபராதம் போட்டார்கள். அதைக் கட்டிவிட்டு அவன் மறுநாளே பிரட்டுக்களத்தில் கம்போடு நின்றான். துரையை யாரும் கூப்பிடவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றும், கங்காணி தானாகவே அடித்தான் என்றும் எழுதி முடித்துவிட்டார்கள். தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு நல்லம்மா கோட்டுப் படியில் நின்று, பங்களாப் படியில் நின்று பார்த்த துரையைப் பற்றி உரக்கக் கேட்டாள். பொலிஸ்காரன் ஒருவன் வந்து அவளை அப்புறப்படுத்தினான்.

அதற்கு முன்பே தோட்டத்தைவிட்டு வந்துவிட்டார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், சாஹுல் ஹமீதுவின் மச்சானுக்கு விறகு விற்கிற மடுவம், ஒரு கொட்டகை, இருந்தது. அங்கே நின்றபடியே விறகு நிறுத்துக் கொடுக்கிற வேலை காளிமுத்துவுக்குக் கிடைத்தது. நல்லம்மா நாலு வீட்டில் நெல் குத்தினாள். காளிமுத்து டாக்டர் சொன்ன ஒன்றையும் விடவில்லை. பலகையில் படுத்தான். தண்ணீர் வற்றிய மாதங்களில் மகாவலி ஆற்றில் கரையோரமாக நீந்தினான். நீரில் மட்டும் தன் முதுகு தனக்கு நினைவு வருவதில்லை என்பான்.

இரண்டு வருஷம் கழித்து எடுத்த படத்தில் எலும்பு இன்னும் ஒரு கட்டை மேலே ஏறியிருந்தது. ஆறு ஏழாகியிருந்தது. கழுத்து அப்படியே இருந்தது. முறிந்த முள் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. "ஒண்டுதான் ஏறியிருக்கு. நீ செய்தது வீண்போகேல்லை," என்றார் டாக்டர். நல்லம்மாவுக்கு அந்த ஒன்றையும் பொறுக்க முடியவில்லை. வழி முழுவதும் அந்த ஏழாவது கட்டையைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அந்த ஐப்பசி மழைக்கு வலி மறுபடி கடுமையாக வந்தது. விடிந்ததும் அவன் முதுகுக்குச் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து, பலகையில் குப்புறக் கிடத்திவிட்டு நல்லம்மா பக்கத்தில் குந்திக்கொண்டாள். இருபது மூச்சு, நெஞ்சு நிறைய. அவள்தான் எண்ண வேண்டும்.

"இழுங்க. ஒன்னு. அந்தத் தொரை குதிரையிலருந்து விழுந்து இடுப்பு ஒடியணும். விடுங்க. இழுங்க. ரெண்டு. கறுப்பையா கையில கம்பு புடிக்க வெரல் இல்லாமப் போகணும். விடுங்க. மூணு. அந்த மருந்தையா..."

ஏழாவது மூச்சில் காளிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் விலா எலும்பெல்லாம் இழுத்துப் பிடித்து வலிக்கும்.

"சிரிக்க வைக்காத புள்ள. எண்ணிக்கை தப்பிப் போச்சு."

"தப்பட்டும்," என்றாள் நல்லம்மா. அவள் சிரிக்கவில்லை. "மொதல்லருந்து இழுங்க. எனக்கு இன்னும் ஆளு பாக்கி இருக்கு."